வெனீர் ஏன் எழும்பியது? ஜாபர்கான்பேட்டை சிங்கர் மேசை: ஒரு நிகழ்வு ஆய்வு

பொருள், காலால் மிதிக்கும் சிங்கர் தையல் மெஷினின் மர மேசை. இரும்புக் கால்கள், நடுவில் ஒன்று, இரு பக்கமும் மும்மூன்று என ஏழு டிராயர், மெஷினை உள்ளே இறக்கிவிட்டு மேலே மூடிக்கொள்ளும் மடக்குப் பலகை. மேல்தோல் முழுக்க வால்நட் வெனீர், அதாவது பலகைமேல் ஒட்டிய மெல்லிய வால்நட் மரத்தாள். உரிமையாளர் எழுபதைத் தாண்டிய ஒரு அம்மா. ஜாபர்கான்பேட்டையில் அடையாற்றுக்கு ரொம்பத் தள்ளி இல்லாத ஒரு தெருவில் இருக்கிறார். அக்கம்பக்கத்தாருக்கு இன்றும் இதில்தான் ஜாக்கெட் தைக்கிறார்.

அவருடைய புகாரில் அழகைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. "பட்டுப் புடவைக்கு ஃபால்ஸ் வெச்சா இந்த ஓரத்துல மாட்டி நூல் இழுத்துடுது தம்பி. நானும் செல்லோ டேப் ஒட்டி ஒட்டிப் பாத்துட்டேன்." மெஷின் தலைக்கு இடப்பக்கம் வெனீர் விளிம்பு நகக்கண் அளவுக்கு எழும்பி நின்றது. அதற்குமேல் டேப், அதற்குமேல் இன்னொரு டேப்.

எனக்கு முன்பு இரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள். ஒருவர், மேலே சன்மைக்கா ஒட்டிவிடலாம் என்றார். இன்னொருவர், பழைய வெனீரைச் சுத்தமாக உரித்துவிட்டுத் தேக்கு வெனீர் போடலாம் என்றார். இரண்டும் செய்யக்கூடிய வேலைதான். ஆனால் இருவருமே வெனீர் ஏன் எழும்பியது என்று பார்க்கவில்லை. எனக்கு முதல் கேள்வி அதுதான். காரணத்தை விட்டுவிட்டு மேலே எதை ஒட்டினாலும் அதுவும் ஒருநாள் எழும்பும்.

வயதும் பசையும்

குடும்பக் கணக்கில் இந்த மெஷின் 1890இல் வந்தது. மெஷினின் அடித்தட்டில் பொறித்த எண் 'ஒய்' என்ற எழுத்தில் தொடங்குகிறது. சிங்கர் தன் எண்களுக்கு முன்னால் எழுத்துப் போடத் தொடங்கியதே 1900இல்தான். ஒய் வரிசை ஸ்காட்லாந்தின் கிளைடுபேங்க் தொழிற்சாலையில் 1920களிலும் 30களின் முற்பகுதியிலும் செய்யப்பட்டவற்றுக்கு உரியது. தலை 66 ரகம், கறுப்பு உடம்பில் தாமரைப் படம் போட்டது. இதைச் சொன்னபோது அந்த அம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். "மாமியார் தவணையில வாங்கினதுன்னு சொல்வாங்க, அதாவது உண்மையா?" என்றார். அது உண்மையாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. தவணை முறை விற்பனையை சிங்கர் கம்பெனி 1856இலேயே தொடங்கிவிட்டது.

வயதை நான் துருவியது பெருமைக்காக இல்லை. அந்தக் காலத்து மேசை என்றால் வெனீருக்குக் கீழே இருப்பது பெரும்பாலும் வஜ்ரம், அதாவது மாட்டுத்தோல், எலும்பிலிருந்து காய்ச்சும் பசை. எழும்பிய விளிம்புக்குள் வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு சொட்டு விட்டு, சற்றுப் பொறுத்து விரலால் தொட்டேன். பிசுபிசுத்தது. காய்ந்த இடத்தில் தேன் நிறத்தில் கண்ணாடிச் சில்லு மாதிரி மினுங்கும் துகள்களும் இருந்தன. வஜ்ரம்தான்.

வஜ்ரத்தின் பெரிய நன்மை இது: காய்ந்து எத்தனை வருடம் ஆனாலும் சூடும் ஈரமும் பட்டால் மறுபடி இளகும். பழைய வஜ்ரத்தின் மேல் புது வஜ்ரம் நன்றாகப் பிடிக்கும். ஃபெவிகால் மாதிரி வெள்ளைப் பசைக்கு அந்தக் குணம் இல்லை. பழைய வஜ்ரப் படலத்தின் மேல் அதை ஊற்றினால் மரத்துக்குள் இறங்காமல் மேலேயே நின்றுவிடும்.

தட்டிப் பார்த்தது

மேசை முழுவதையும் விரல் நகத்தால் தட்டிக்கொண்டே போனேன். ஒட்டியிருக்கும் இடம் 'டக்' என்று கெட்டியாகச் சொல்லும். உள்ளே காற்று இருந்தால் சத்தம் பொள்ளலாக வரும். பொள்ளலான இடங்களை எல்லாம் அந்த அம்மாவின் டெய்லர் சாக்பீஸாலேயே வட்டமிட்டோம். வட்டம் போட்டு முடித்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. எழும்பல் மேசையெங்கும் சிதறியிருக்கவில்லை. மூன்று இடங்களில் திரண்டிருந்தது. மேற்கு ஜன்னலை ஒட்டிய மடக்குப் பலகை ஒன்று. மெஷின் தலை உட்காரும் பள்ளத்தின் ஓரம் இன்னொன்று. இரு பக்கமும் ஆகக் கீழே இருக்கும் டிராயர்கள் மூன்றாவது. நடு டிராயரும் மேல் டிராயர்களும் பின்பக்கமும் குறையே இல்லாமல் இருந்தன. பசைக்கு வயதாகிவிட்டது என்பது மட்டுமே காரணமென்றால் எல்லா இடமும் ஒரே மாதிரி கெட்டிருக்க வேண்டும்.

வெயில் தின்ற பலகை

மூன்றில் இது எளிது. பல வருடத்துக் கத்திரி வெயில் ஜன்னல் வழியே இதன்மேல் விழுந்திருக்கிறது. வெனீர் காய்ந்து சுருங்கி, பொரித்த அப்பளம்போல் ஓரம் மேல்நோக்கி வளைந்துவிட்டது. பசை அடியில் அப்படியே இருக்கிறது, ஆனால் காய்ந்து நொறுங்கும் பதத்தில். அப்படியே அழுத்தினால் வெனீர் ரேகை வழியே பிளந்துவிடும். முதலில் ஈரத் துணி போட்டு அதை இளக்க வேண்டும்.

வஜ்ரம் காய்ச்சுவது சமையல்தான். வஜ்ர மணியை முந்தின ராத்திரியே பச்சைத்தண்ணீரில் ஊற வைத்தால் உப்பிக்கொள்ளும். அந்தப் பாத்திரத்தை இன்னொரு பாத்திரத்துச் சுடுதண்ணீருக்குள் வைத்து 60 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்ற வேண்டும். கொதிக்க விட்டால் பசையின் பிடிப்பு போய்விடும். அதனால் தெர்மாமீட்டர் இல்லாமல் நான் செய்வதில்லை. மணி கிடைக்காதவர்கள் கேக் சாமான் கடையில் விற்கும் இனிப்போ வாசனையோ சேர்க்காத ஜெலட்டினைப் பயன்படுத்தலாம். இரண்டும் ஒரே புரதம்தான். இளக்கமாக இருக்கட்டும் என்று சிலர் யூரியா கலப்பார்கள். யூரியா ஈரத்தை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் சென்னை வீட்டுக்குள் இருக்கும் ஈரக்காற்றுக்கு அது ஆகாது.

குளிர்நாட்டுக் குறிப்புகளில் வஜ்ரத்தைத் தடவியதும் ஓடி ஓடி அழுத்தச் சொல்லியிருப்பார்கள். 30, 35 டிகிரிக்குக் கீழே வந்ததும் அது ஜெல்லியாக உறைந்துவிடும் என்பதுதான் காரணம். ஏசி இல்லாத சென்னை வீட்டில் அந்த அவசரம் கிடையாது. அறைச் சூடே அந்த அளவில்தான் நிற்கிறது. நிதானமாகப் பசையைத் தள்ளி, வெனீரைச் சரிசெய்து, மீண்டும் எடுத்துக்கூடப் பார்க்கலாம். ஃபேனை மட்டும் நிறுத்திவிட வேண்டும். வியர்வை ஊற்றும், என்ன செய்வது. உறைவது தாமதமாவதால் அழுத்தத்தை மறுநாள் வரை எடுக்கவும் கூடாது.

மெல்லிய எஃகுத் தகட்டால் விளிம்பைத் தூக்கி, நீர்த்த சூடான வஜ்ரத்தை உள்ளே தள்ளினேன். மேலே பட்டர் பேப்பர், அதற்குமேல் இஸ்திரிப் பெட்டி, சூடு 'சில்க்' அளவில். உள்ளிருந்து வெளிப்பக்கமாகத் தேய்த்துக்கொண்டே வந்தால் மிச்சப் பசை ஓரத்தில் வழியும். உடனே ஈரத்துணியால் துடைத்துவிட்டு, பாலித்தீன் தாள், சமமான பலகை, சி-கிளாம்ப் என்று வரிசையாக வைத்து இறுக்கியாயிற்று. பலகை நடுவில் உப்பியிருந்த ஓர் இடத்தில் மட்டும் ரேகையோடு போகும்படி பிளேடால் சின்னதாகக் கீறி, ஊசி சிரிஞ்சால் பசையை ஏற்றினேன். ரேகைக்குக் குறுக்கே கீறினால் வடு நிற்கும்.

எண்ணெய் குடித்த ஓரம்

புடவை மாட்டும் இடம் இதுதான். இதில்தான் வேலையும் அதிகம்.

தையல் மெஷினுக்கு வாராவாரம் எண்ணெய் விடுவார்கள். துளைகளில் விட்ட எண்ணெய் மெள்ள இறங்கிப் பள்ளத்தின் ஓரத்துக்கு வரும். அங்கே வெனீரின் வெட்டுமுனை திறந்தே இருக்கிறது. தொண்ணூறு வருடத்து எண்ணெய் அந்த வெட்டுமுனை வழியாக வெனீருக்கும் உள்பலகைக்கும் நடுவில் ஊறியிருக்கிறது. எண்ணெய் வஜ்ரத்தைக் கரைக்காது. ஆனால் மிதியின் அதிர்வில் பசை விட்டுப்போன இடங்களுக்குள் புகுந்துகொண்டு, அடுத்து எந்தப் பசையையும் ஒட்டவிடாது. முன்பு யாரோ இங்கே ஊற்றிய வெள்ளைப் பசை, தாள் உரிவதுபோல் முழுசாகக் கையோடு வந்தது. மரத்தில் அது ஒட்டவே இல்லை.

எண்ணெயை எடுக்க அசிட்டோனைத் தொடவில்லை. எண்ணெயைக் கரைக்கும், ஆனால் மேலே இருக்கும் பழைய அரக்கு பாலிஷையும் சேர்த்துக் கரைத்துவிடும். ஒயிட் பெட்ரோல் பாலிஷை ஒன்றும் செய்யாது. டால்கம் பவுடரை ஒயிட் பெட்ரோலில் குழைத்து, எழும்பிய வெனீரின் உள்புறத்திலும் உள்பலகையிலும் அப்பினேன். பெட்ரோல் எண்ணெயைக் கரைத்து மேலே கொண்டுவரும். அது ஆவியாகும்போது எண்ணெய் பவுடரில் தங்கிவிடும். முதல் தடவை சுரண்டிய பவுடர் பழுப்பாக, பழைய மெஷின் எண்ணெயின் வாசனையோடு வந்தது. பவுடர் வெள்ளையாகவே உதிரும் வரை திரும்பத் திரும்ப அப்ப வேண்டியிருந்தது. இதை மொட்டைமாடியில்தான் செய்ய வேண்டும். இஸ்திரிப் பெட்டியோ அடுப்போ அந்தப் பக்கம் இருக்கவே கூடாது.

இவ்வளவு செய்தும் உள்பலகையின் ஆழத்தில் எண்ணெய் இருக்கத்தான் செய்யும். தண்ணீர் கலந்த பசை எதுவாக இருந்தாலும் அது மறுபடி கசியும்போது விட்டுக்கொடுத்துவிடும். அதனால் பள்ளத்தை ஒட்டி இரண்டு விரல்கடை அகலத்துக்கு மட்டும் வஜ்ரத்தை விட்டுவிட்டு, தண்ணீர் கலக்காத, மெதுவாக இறுகும் எபாக்சி பசை போட்டேன். பழம்பொருள் பாதுகாப்பில் திருப்பி எடுக்க முடியாத பசையைப் போடக்கூடாது என்பார்கள். கொள்கை சரி. ஆனால் இது அருங்காட்சியகத்துக்குப் போகும் மேசை இல்லை. நாளைக் காலையில் இதன்மேல் ஜாக்கெட் துணி விரிக்கப்போகிறார்கள். வெனீரின் வெட்டுமுனையிலும் எபாக்சியை மெலிதாகத் தடவி அடைத்துவிட்டேன். எண்ணெய் உள்ளே போகும் வழியே அதுதான்.

இதே பக்கத்து முன்விளிம்பில் பிளேடால் கீறிய கோடுகள் வரிசையாக இருந்தன. அளவு டேப்பைத் தேடாமல் அளந்துகொள்வதற்காக மாமியார் கீறி வைத்த 12 அங்குல ஸ்கேல். மூன்று அங்குலத்துக்கு ஒரு நீளக் கோடு. கிளாம்ப் வைக்கும்முன் என் அளவு டேப்பை வைத்துப் பார்த்தேன். 12 அங்குலத்தில் ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், குறைந்தது. சொன்னேன். "அதான் நான் தெச்ச ஜாக்கெட் எல்லாம் கச்சிதமா நிக்குது" என்றார். அந்தக் கோடுகள்மேல் உப்புத்தாள் படக்கூடாது என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை. நான் மேசையில் எங்கேயுமே உப்புத்தாள் போடவில்லை. வெனீர் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. பாலிஷ்காரர்கள் மெஷின் வைத்துத் தேய்த்தால் விளிம்பில் உள்பலகை தெரிந்துவிடும்.

வெள்ளம் பார்த்த டிராயர்கள்

2015 டிசம்பரில் அடையாறு கரை மீறியபோது வீட்டுக்குள் முழங்காலுக்கு மேல் தண்ணீர். இரும்புக் காலின் உயரம் மேசையைக் காப்பாற்றியது. கீழே தொங்கிய இரண்டு டிராயர்கள் மட்டும் மூழ்கின. தண்ணீர் வடிந்ததும் எல்லோரையும் போல அவற்றையும் மொட்டைமாடி வெயிலில் வைத்திருக்கிறார்கள். ஊறிய மரம் வெயிலில் ஒரு பக்கம் மட்டும் வேகமாகக் காய்ந்து வளைந்தது. டிராயரின் முகப்பு ஒரே கட்டையில்லை. உள்பலகை, அதற்குக் குறுக்கு ரேகையில் ஒரு மெல்லிய அடுக்கு, மேலே வெனீர் என்று அடுக்கடுக்காக வஜ்ரத்தால் ஒட்டியது. வஜ்ரம் தண்ணீரில் கரைந்து அடுக்குகள் வாயைத் திறந்துவிட்டன. பிறகு ஒரு ஆசாரி அவற்றைப் பின் அடித்து, இடுக்கில் வெள்ளைப் பசை ஊற்றியிருக்கிறார். உள்ளே ஆற்று வண்டல் அப்படியே.

இங்கே அரைகுறையாக ஒட்டுவதைவிட முழுசாகக் கழற்றுவதே வழி. பின்களைக் கொறடால் எடுத்தேன். வெள்ளைப் பசையைச் சூடும் வினிகரும் கொடுத்து இளக்கிச் சுரண்டியாயிற்று. முகப்பை வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டதும் அடுக்குகள் தானாகவே பிரிந்தன. பழைய டூத் பிரஷ்ஷால் தேய்க்கத் தேய்க்கத் தண்ணீர் கலங்கிக்கொண்டே இருந்தது, அத்தனை வண்டல். பின் இருந்த இடமெல்லாம் நீலக்கறுப்புக் கறை. வால்நட்டில் இருக்கும் டானின் துருவோடு சேர்ந்தால் அப்படித்தான் ஆகும். ஆக்சாலிக் அமிலக் கரைசல் தடவி, நன்றாகக் கழுவியதும் கறை பெருமளவு வெளுத்தது. கையுறை அவசியம்; அது விஷம்.

காயவைப்பதற்குத்தான் பொறுமை வேண்டியிருந்தது. அடுக்குகளை நாளிதழ்த் தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே பாரம் ஏற்றி, தாளை மாற்றி மாற்றி நிழலில் காயவிட்டேன்.

திரும்ப ஒட்ட எது? அந்தத் தெருவுக்கு வெள்ளம் இனி வராது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வஜ்ரம் முழுவதும் கழுவி எடுக்கப்பட்டுவிட்டதால் வேறு பசைக்குத் தடையும் இல்லை. ஆகவே தண்ணீரைத் தாங்கும் மரைன் வகை ஃபெவிகால். முகப்பு நடுவில் லேசாகப் புடைத்த வளைவு. தட்டைப் பலகை வைத்து இறுக்கினால் ஓரங்களுக்கு அழுத்தம் போகாது. சலித்த மணலை ஜீன்ஸ் துணிப்பையில் நிரப்பி, முகப்பின்மேல் படியவிட்டு, அதன்மேல் பலகையும் கிளாம்பும். மணல் வளைவுக்கு ஏற்பப் படிந்து எல்லா இடத்திலும் ஒரே அழுத்தம் கொடுக்கும். வஜ்ரம் போடுவதாக இருந்தால் மணலைச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். இந்தப் பசைக்குத் தேவையில்லை.

உடைந்துபோன சில்லுகள்

விளிம்பில் நாலைந்து இடத்தில் வெனீரே இல்லை. சைடன்ஹாம்ஸ் சாலைப் பிளைவுட் கடைகளில் வால்நட் வெனீர் கிடைக்கிறது, ஆனால் இப்போதைய தாள் அரை மில்லிமீட்டர் அளவில்தான் வருகிறது. பழையது ஏறக்குறைய அதன் இரட்டிப்பு. ஒரே ரேகையில் இரண்டு தாளை ஒட்டினால் கனம் சரியாகும், நிறம் சரியாகாது. தேக்கு, வருடம் ஆக ஆக நிறம் ஏறும். வால்நட் வெளிச்சம் பட்டால் வெளுக்கும். புதுத் துண்டு பழையதன் பக்கத்தில் கறுப்பாகத் தெரியும். பழைய சாமான் கடையில் உடைந்த வால்வு ரேடியோப் பெட்டி ஒன்று கிடைத்தது. அதன் பக்கப் பலகையிலும் வால்நட் வெனீர்தான். ஈரத்துணியும் இஸ்திரிப் பெட்டியும் போட்டு உரித்தால் கனமும் நிறமும் ஏறக்குறைய ஒத்துப்போயின.

ஒட்டுத்துண்டைச் சதுரமாக வெட்டினால் குறுக்குக் கோடு கண்ணை உறுத்தும். ரேகை ஓடும் திசையில் இருமுனையும் கூர்த்த கண் வடிவில் வெட்டி, அதையே பழுதின்மேல் வைத்துச் சுற்றி வரைந்து, அந்த அளவுக்குப் பழைய வெனீரை எடுக்க வேண்டும். பிளேடை லேசாக உள்பக்கம் சாய்த்து வெட்டினால் மேல்கோடு இறுக்கமாகச் சேரும். லப்பம் வைத்து அடைப்பதைப் பற்றிக் கேட்பார்கள். ஊசித்துளைக்கு மட்டும் வைக்கலாம்.

பாலிஷில் பெரிதாக எதுவும் செய்யவில்லை. இஸ்திரிப் பெட்டி பட்ட இடங்களில் அரக்கு வெண்மை பூத்திருந்தது. ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைப் பஞ்சு உருண்டையில் தொட்டு மெல்ல இழுத்ததும் அது மறைந்தது. ஒட்டுத்துண்டுகளுக்கு மட்டும் சில பூச்சு அதிகம். பியு (பாலியூரித்தேன்), மெலமைன் பூச்சு எல்லாம் வேண்டாம் என்றேன். அவற்றைப் போட்டுவிட்டால் அடுத்தமுறை வேலை செய்பவருக்கு உரிப்பதைத் தவிர வேறு வழியிருக்காது.

மழைக்குப் பிறகு

தீபாவளித் தையல் நெரிசலுக்கு முன் மேசை வீடு சேர்ந்தது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் போய் மறுபடி நகத்தால் தட்டிப் பார்த்தேன். வஜ்ரம் போட்ட பலகை கெட்டியாக இருந்தது. டிராயர்கள் ஈரத்தில் லேசாக இறுகியிருந்தன, ஆனால் அடுக்கு விடவில்லை. டிராயர் ஓடும் தடத்தில் மெழுகுவத்தியைத் தேய்த்துவிட்டதும் சுலபமாக வந்தன. ஜன்னலுக்குத் திரை வந்திருந்தது. மேசை ஒரு அடி உள்ளே தள்ளியிருந்தது. பள்ளத்து ஓரம் பிடித்துக்கொண்டிருந்தது. ஆனால் அங்கே பளபளவென்று புது எண்ணெய்.

"எண்ணெய் விட்டா மெஷின் நல்லா ஓடுது தம்பி, நான் என்ன பண்றது?" என்றார். குறைக்கச் சொல்லவில்லை. எண்ணெய் விட்டதும் தலையைக் கீலில் சாய்த்து அடிப்பக்கத்தைத் துடைக்க வேண்டும். ராத்திரி மூடும்போது பள்ளத்துக்குள் பழைய பனியன் துணி ஒன்றைப் போட்டு வைக்க வேண்டும். துணி நனைந்தால் மாற்றிவிடுவது. ஃபால்ஸ் வேலைக்கு வந்திருந்த அரக்கு நிறப் பட்டு ஒன்று அப்போதும் மேசைமேல்தான் கிடந்தது. அதன் ஓரத்தை அந்த இடத்தில் இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, செல்லோ டேப் ரோலை எடுத்து நடு டிராயருக்குள் போட்டார்.